அக்காவின் பெயரை எழுதியது நான்தான்

1

அனுமந்தன்பட்டிக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், நான் யார் வீட்டுப் பிள்ளை என்று கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும். எங்கள் வீட்டுக் கதையில் பாதி ஊருக்குத் தெரியும். மீதிப் பாதியையும் சொல்ல வேண்டியவன் நான்தான் என்பதால் எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூசிலாந்தில், கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். கிவிப் பழத் தோட்டங்களில் மேற்பார்வையாளர் வேலை. கிவிக் கொடியும் நம் பக்கத்துத் திராட்சையைப் போலப் பந்தலில் படர்வதுதான். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து வேலை செய்கிற கழுத்துவலி இரண்டுக்கும் ஒன்று. பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்துவிட்டு இங்கே வந்து இருபது வருசம் ஆகிறது. மனைவி லிசி குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்து ஊரில் பிறந்தவள், இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரே மகள் மெரின். பதினாறு வயது.

மார்ச்சில் பழம் பறிப்பு தொடங்கியிருந்த சமயம். மெரின் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள், "அப்பா, எனக்கு ரோல் கிடைச்சிருச்சு."

வருசத்துக்கு ஒரு இசை நாடகம் போடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். இந்த முறை எடுத்துக்கொண்டது ரொம்பப் பழைய நாடகம். நூறு வருசத்துக்கு மேலே, ருஷ்யாவில் ஒரு யூதக் கிராமம். அங்கே ஏழைப் பால்காரர் ஒருவர். வீடு நிறையப் பெண் பிள்ளைகள். முன்னோர் வகுத்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஊரே நிற்கிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது தகப்பன் வேலை, தரகர் வேலை. மூத்தவள் தானே ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறாள், தகப்பன் முனகிக்கொண்டே சரி என்கிறார். அடுத்தவள் புதுக் கொள்கைகள் பேசுகிற ஒருவனோடு கிளம்புகிறாள், அதற்கும் ஒருவழியாக மனசை ஆற்றிக்கொள்கிறார். மூன்றாமவள் வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொள்கிறாள். அங்கேதான் அவரால் முடியவில்லை. அவள் செத்துவிட்டாள் என்று சொல்லிவிடுகிறார்.

மெரினுக்குக் கிடைத்தது அந்த மூன்றாவது மகள்.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் எனக்கு ஒரு தாள்கட்டைக் கொடுத்தாள். "நீங்க அந்த அப்பா லைனை வாசிங்க. நான் என்னோடதச் சொல்றேன்."

என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மகள் கெஞ்சுகிற இடம் வந்தது. மெரின் என் கண்ணைப் பார்த்துக் கெஞ்சினாள். எனக்கு இருந்தது சின்னச் சின்ன வசனங்கள், எல்லாமே மறுப்பு. வாசித்து முடித்ததும் அவள் சொன்னாள், "வாவ் அப்பா. நடிக்கிற மாதிரியே இல்ல."

பிறகு, பென்சிலால் தன் வசனத்துக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "நான் கத்தோலிக்கரா இல்லாத ஒருத்தரைக் கட்டிக்கிட்டா நீங்க இப்படிச் செய்வீங்களா?"

"சேச்சே. நம்ம வீட்டுல அதெல்லாம் கிடையாதும்மா."

அடுப்பின் முன்னால் நின்றிருந்த லிசி திரும்பிப் பார்க்கவில்லை. மீனைப் புரட்டியபடியே கேட்டாள், "அப்போ பிலோமிச் சேச்சியோ?"

"யாரு பிலோமி?" என்றாள் மெரின்.

2

பிலோமி என் அக்கா. பிலோமினா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை சீவிவிட்டதும், கோயிலில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்குகிற அன்றைக்கு வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்ததும், கணக்கில் தப்புப் போட்டால் மண்டையில் குட்டியதும் அவள்தான். "ஏலே அருளு, இங்கன வா" என்று அவள் கூப்பிட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

அப்பா பெயர் சூசை. ஒன்றரை ஏக்கர் திராட்சை, காலையில் கோயில், மாலையில் கோயில். முன்கோபி இல்லை. யாரையும் கை நீட்டி அடித்தவரும் இல்லை. ஆனால் கோயிலில் எந்த வரிசையில் யார் உட்காருவது, சப்பரத்துக்கு யார் தோள் கொடுப்பது என்று வழிவழியாக வந்த எதையும் ஒரு நூல் அளவு மாற்றவிடமாட்டார்.

அக்கா நர்ஸ் படித்துவிட்டு, பெரியகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே ஜெனரேட்டர் பழுது பார்க்க வருபவர் முருகேசன். பக்கத்தில் ஜெயமங்கலம் அவர் ஊர், விவசாயக் குடும்பம், இந்து. சாதியும் வேறு. இரண்டு வருசப் பழக்கம். எனக்கு முதலிலிருந்தே தெரியும். நான் அப்போது அதே பெரியகுளத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து டீ குடித்திருக்கிறோம். நான் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டதுகூட அவரிடம்தான்.

"ஏலே, நீதான் அப்பாகிட்டச் சொல்லணும்" என்றாள் அக்கா. "நீ சொன்னா அவுக கேப்பாக. ஆம்பளப் பிள்ள, படிச்சவன்."

"சொல்றேன்க்கா. திராட்ச வெட்டு முடியட்டும்."

வெட்டு முடிந்தது. அடுத்த வெட்டும் முடிந்தது. நான் சொல்லவில்லை. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பத்திரப்பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு, முருகேசனோடு வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா சன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். நான் உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன்.

3

எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரம், ஒவ்வொரு வீட்டிலும் செத்துப்போனவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெயர்களையெல்லாம் வாசித்து மன்றாடுவார்கள்.

அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்ததால் நான் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுவது சில வருசங்களாகவே என் வேலை. தாத்தா பெயர், ஆச்சி பெயர், அம்மா பெயர். அவ்வளவுதான் என்று பேனாவை மூடினேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. பிலோமினா."

"அப்பா, அக்கா உசுரோட இருக்கு."

"எழுதுறியா, கோயில் உபதேசியார் மகனக் கூப்பிடவா?"

அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எனக்கு நியூசிலாந்தில் படிக்க இடம் கிடைத்திருந்த நேரம். ஜனவரியில் பயணம். இந்த நேரத்தில் அப்பாவோடு சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். போகப் போகச் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். பேனாவைத் திறந்து எழுதினேன். மற்றப் பெயர்களை எழுதிய அதே அழகான கையெழுத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல்.

வாசித்த சாமியார் ஊருக்குப் புதியவர். அவருக்கு என்ன தெரியும். எங்கள் அம்மா பெயருக்கு அடுத்ததாக அக்கா பெயர் வந்தது. கல்லறைகளின் மேல் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அக்காவோடு படித்தவள் அவள். அன்றைக்கே ஜெயமங்கலத்துக்குச் செய்தி போயிருக்கும்.

இரண்டு மாதத்தில் நான் விமானம் ஏறிவிட்டேன். அக்காவைப் பார்க்காமல்.

4

இதில் பாதியைத்தான் அன்றைக்கு மெரினிடம் சொன்னேன். அப்பா பெயரைக் கொடுத்தார் என்று சொன்னேன். எழுதியது யார் என்று சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள்.

"தாத்தாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னீங்களே. அப்ப யார் எழுதினது?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"அப்பா. யார் எழுதினது?"

"நான்தான்."

அவள் தாள்கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்னோடு ஒத்திகை பார்க்கவில்லை. லிசியோடு பார்த்தாள். தோட்டத்திலிருந்து நான் வீட்டுக்குள் நுழைந்தால், அந்த இரண்டு குரல்களும் நின்றுவிடும்.

இந்த நாட்டில் பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப்போவதைப் பற்றி எழுதாத புலம்பெயர்ந்தவர் இல்லை. தமிழ் பேசவில்லை, கோயிலுக்கு வரவில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று நானும் நண்பர்களிடம் புலம்பியிருக்கிறேன். மெரின் விலகியது அப்படியல்ல. என் மொழியோ என் வழக்கமோ பிடிக்காமல் அல்ல. என்னைத் தெரிந்துகொண்டதால்.

அவளுக்கு நான் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. லிசிக்கும் அது தெரியாது.

இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்தபோது நிரப்பிய படிவத்தில் ஒரு பக்கம் முழுக்கக் குடும்பத்தைப் பற்றியது. உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரையும், உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும், எழுத வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அதன் முன்னால் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா பெயரை எழுதினால் முகவரி வேண்டும், பிறந்த தேதி வேண்டும், பின்னால் ஏதாவது விசாரணை வந்தால் அப்பாவிடம் கேட்பார்கள். கடைசியில் 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஊர்த் தாளிலாவது செத்தவளாக ஒரு இடம் அவளுக்கு இருந்தது. இந்தத் தாளில் அவள் பிறக்கவே இல்லை.

5

அப்பா ஐந்து வருசத்துக்கு முன்னால் இறந்தார். கொரோனாவில் எல்லைகள் மூடிக் கிடந்த காலம், என்னால் போக முடியவில்லை. அந்தக் காலத்தில் இப்படித் தவித்தவர்கள் நிறையப் பேர், அதனால் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அடக்கத்தன்று வந்த ஒரு போன்.

இங்கே சாயங்காலம். கோயிலில் பூசை முடிந்து பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போவதைப் போனில் காட்டிக்கொண்டிருந்தார்கள். படம் நின்றுவிட்டது. உடனே சித்தப்பா கூப்பிட்டார். அப்பாவின் தம்பி.

"அருளு, ஒங்க அக்கா வந்திருக்கா. கேட்டுக்கு வெளிய நிக்கிறா. நம்ம சனம் சலசலங்குது. அண்ணன் இருக்கும்போதே சேக்கல, இப்ப எப்பிடிச் சேக்குறதுங்கிறாக. நீதான் மகன். ஒன் வார்த்ததான். என்ன செய்யட்டும்?"

உள்ளே விடுங்கள் சித்தப்பா. மூன்று சொல். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், யாரும் என் சட்டையைப் பிடிக்கப் போவதில்லை, திராட்சைத் தோட்டத்துக்கு இனி நான் திரும்பப் போவதும் இல்லை. இருந்தும் நான் சொன்னது இதுதான்.

"நீங்களே பாத்துச் செய்யுங்க சித்தப்பா."

அவர் பார்த்துச் செய்தார். படம் திரும்ப வந்தபோது எல்லாரும் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அதில் இல்லை.

6

என்னோடு ஒத்திகையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மெரின்தான் பேச்சை எடுத்தாள். "பிலோமி அத்தை நம்பர் இருக்கா?"

இல்லை. சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு நாள் கழித்து அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பொழுது சாய்கிற நேரம், அங்கே மத்தியானச் சமையல் நேரம். மெரின் போனை என் முன்னால் வைத்துவிட்டு லிசியோடு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"யாரு பேசுறது?"

இருபது வருசம் கழித்தும் அதே குரல்.

"நான் அருளு."

"எந்த அருளு?"

"ஒன் தம்பிக்கா."

அங்கே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"சொல்லுங்க" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவிடம் பேசாமல் நாள் கடத்தியதை, தாளில் பெயர் எழுதியதை, படிவத்தை, கேட்டுக்கு வெளியே அவளை நிற்க விட்டதை. படிவத்தைப் பற்றி லிசியும் மெரினும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்கள். நான் முடித்ததும் அக்கா சொன்னாள்.

"லிஸ்ட்டுல நீங்க எழுதுனது தெரியும். அப்பா சொன்னாக."

"அப்பாவா? எப்ப?"

"எங்க வீட்டுல வச்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் மெதுவாக, ஒரு நோயாளியின் சொந்தக்காரரிடம் விவரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கண்புரை ஆப்பரேசனுக்கு நான் வேல பாக்குற ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாக. நான் இங்கன இருக்கேன்னு தெரிஞ்சு வந்தாகளா, தெரியாம வந்தாகளா, கடைசி வரைக்கும் சொல்லல. சொட்டு மருந்து நான்தான் ஊத்துனேன். ஒரு வார்த்த பேசல. கட்டுப் பிரிச்ச அன்னைக்கு, ஒன் வீடு எங்கன இருக்குன்னு கேட்டாக. ஜெயமங்கலம்னேன். மறுவாரம் ஒரு பை நெறயத் திராட்சையோட வந்து வாசல்ல நிக்கிறாக."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் மூணு வருசம் வந்தாக. மாசத்துக்கு ரெண்டு தடவ. ஊர்ல கண்ணு டாக்டரப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு, தேனியில எறங்கி, பெரியகுளத்துல பஸ் மாறி வருவாக. இவரு பக்கத்துல ஒக்காந்து சாப்புடுவாக. எம் மக கயல்விழிக்குக் கோயில் செபம், மந்திரம் சொல்லிக் குடுக்கவான்னு கேட்டாக. வேணாம்ப்பா, அவ பெரியவளாகி அவளா முடிவு பண்ணட்டும்னேன். சரின்னுட்டாக."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் அருளுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவனா ஒன்னப் பத்திக் கேக்கட்டும், கேட்டா நானே சொல்றேன்னாக."

ஞாயிறுதோறும் நான் அப்பாவுக்குப் போன் செய்வேன். கடைசி மூன்று வருசம், வைக்கிறதுக்கு முன்னால் அவர் ஒன்று கேட்பார். "வேற எதுவும் கேக்கணுமாப்பா?" வயசானவர்கள் பேச்சை வளர்க்கிற வழி என்று எடுத்துக்கொண்டேன். "இல்லப்பா, ஒடம்பப் பாத்துக்குங்க" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன்.

"அன்னைக்கு கேட்டுல நின்னப்ப இதச் சொல்லியிருக்கலாமேக்கா. உள்ள விட்டிருப்பாக."

"என்னன்னு சொல்ல? எங்க அப்பா மூணு வருசமா எங்க வீட்டுல ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்புட்டாகன்னா? குழியில எறக்குற நேரத்துல? அவுக மறைச்சத நான் எப்பிடி ஒடைக்கிறது." பிறகு, "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும்" என்றாள். "சோறு வெந்துருச்சு. வைக்கிறேன்."

7

குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதினேன். பழைய படிவத்தில் தவறான தகவல் கொடுத்துவிட்டேன், எனக்கு ஒரு சகோதரி உண்டு, திருத்திக்கொள்ளவும் என்று. இதனால் ஏதாவது ஆகுமா என்று லிசி பயந்தாள். ஆனால் அனுப்பாதே என்று சொல்லவில்லை. ஆறு வாரத்தில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். அந்த நபர் தங்கள் சகோதரிதான் என்பதற்கான ஆவணச் சான்றுகளை இணைக்கவும் என்றிருந்தது. இல்லை என்று எழுதியபோது யாரும் சான்று கேட்கவில்லை. உண்டு என்றால் கேட்கிறார்கள். குறை சொல்லவில்லை. அவர்கள் கேட்டது நியாயம்தான். ரேசன் கார்டில் அக்கா பெயரை அப்பா எப்போதோ எடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது கோயிலில் இருக்கிற ஞானஸ்நானப் பதிவு மட்டும்.

ஜூன் கடைசியில் நாடகம். சனிக்கிழமை பகல் காட்சிக்குப் போனோம். பால்காரராக நடித்தது சமோவாத் தீவைச் சேர்ந்த ஒரு மாணவன். நல்ல உயரம், மேடையையே நிறைக்கிற குரல். ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது, யாரும் சிரிக்கவில்லை. வழக்கத்தைப் பற்றி அவன் பாடியபோது கூட்டம் கை தட்டித் தாளம் போட்டது. எனக்கும் அந்தப் பாட்டு பிடித்தது. வழக்கத்தைக் கேலி செய்கிற நாடகம் இல்லை அது. அது இல்லாவிட்டால் அந்த ஊர் நிற்காது என்பதையும் சொல்கிறது, அது இருப்பதால் யார் நசுங்குகிறார்கள் என்பதையும் சொல்கிறது.

மெரின் கெஞ்சுகிற இடம் வந்தது. அந்தப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டியம்மா கைக்குட்டையை எடுத்தார். நான் மேடையைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இருட்டில் எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருசமாக, அப்பா பழைய காலத்து ஆள், நான் படித்தவன், எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மைதான், எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அக்கா செய்தது தப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்பா நம்பினார். நம்பியதால் அதோடு மல்லுக்கட்டி, தோற்று, ஒருநாள் பையில் திராட்சையை அள்ளிக்கொண்டு பஸ் ஏற அவரால் முடிந்தது. எனக்கு மாற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. வீண் பேச்சு வருமே என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அது எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே வந்துவிடுகிறது.

8

ஜூலையில் பள்ளி விடுமுறை. லிசிக்கு லீவு கிடைக்கவில்லை. மெரினை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். தேனியிலிருந்து வாடகைக் காரில் ஜெயமங்கலத்துக்கு நேராகப் போனோம். தென்மேற்குக் காற்று தென்னை மட்டைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

முருகேசன் மச்சான் தெருமுனைக்கே வந்து நின்றார். முடி முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க மாப்ள" என்று என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் சிரித்த சிரிப்பில் எந்தக் கணக்கும் இல்லை.

அக்கா வாசலில் நின்றாள். மெரினின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க அம்மா மூக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்க. உள்ள வாங்க" என்றாள்.

நாலு நாள் இருந்தோம். கயல்விழிக்கும் மெரினுக்கும் அரை மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டது. இருவரும் மொட்டை மாடியில் துணி காயப்போடுவதும், கடைக்குப் போவதும், ஒரே போனில் எதையோ பார்த்துச் சிரிப்பதுமாக இருந்தார்கள். அக்கா மூன்று வேளையும் சமைத்தாள். எனக்குப் பிடிக்கும் என்று அயிரை மீன் வாங்கி வரச் சொல்லிக் குழம்பு வைத்தாள். மறக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம், "மொதல்ல சாப்புடுங்க" என்றாள்.

மூன்றாம் நாள், மச்சான் வேலைக்குப் போன பிறகு, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

"நான் என்ன செய்யணும்க்கா?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா இங்கன வந்தாக, எங்க வீட்டுல சாப்புட்டாகன்னு ஊருக்குத் தெரியணும். இத்தன வருசம் பொறுத்துட்டேன், இனிமே அவுகளுக்கு அதுல என்ன கொறச்சல். நான் சொன்னா நம்பமாட்டாக. நீங்க சொன்னா நம்புவாக."

"சொல்றேன்."

"எழுதியும் வைங்க. ஒங்க கையெழுத்துதான் எல்லாருக்கும் தெரியுமே."

அதைக் குத்தலாகச் சொன்னாளா, இயல்பாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அனுமந்தன்பட்டிக்குப் போனேன். தனியாக. கோயிலில் ஞானஸ்நானப் பதிவின் நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சித்தப்பா வீட்டுக்குப் போய் அவரிடமும் சித்தியிடமும், அங்கே வந்திருந்த நாலைந்து சொந்தக்காரர்களிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை எழுதியது நான், அக்கா கேட்டில் நின்றபோது வாயை மூடிக்கொண்டதும் நான், அப்பா மூன்று வருசம் மகள் வீட்டில் சாப்பிட்டார் என்று.

சித்தப்பா நெடுநேரம் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கண்ணு டாக்டர், கண்ணு டாக்டர்னு அண்ணன் வெள்ள வேட்டி கட்டிக்கிட்டுப் போவாக. டாக்டரப் பாக்க எதுக்கு ரெண்டு கிலோ பழம்னு நான் கேக்காமப் போனேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அன்னைக்கு அவ வெயில்ல நின்னா" என்றார்.

அவர் அக்காவைப் போய்ப் பார்ப்பாரா என்று தெரியாது. பார்ப்பதும் பார்க்காததும் இனி அவர் பாடு. நான் சொல்வதாகச் சொன்னதைச் சொல்லிவிட்டேன், எழுதுவதாகச் சொன்னதை இதோ எழுதிவிட்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் அக்கா மெரினுக்குப் பூ வைத்துவிட்டாள். ஒரு பை நிறைய மாங்காய் வற்றலும் கொடுத்தாள். மெரின் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்காவும் அழுதாள். என்னிடம், "பாத்துப் போயிட்டு வாங்க. லிசியக் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள்.

கார் பெரியகுளம் தாண்டிய பிறகுதான் மெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள். இந்த நாலு நாளில் அவள் தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. யாரை நீ என்பது, யாரை நீங்க என்பது என்று கயல்விழி அவளைத் திருத்தித் திருத்தியே பழக்கிவிட்டிருந்தாள்.

"அப்பா, நான் ஒண்ணு கவனிச்சேன். அத்தை மாமாவக்கூட சில நேரம் நீ, வா, போன்னு சொல்றாங்க. ஆனா உங்களை மட்டும் ஒரு தடவைகூட நீன்னு சொல்லல. அவங்கதானே உங்களுக்கு அக்கா?"

"ஆமா."

"உங்க மேல அவங்களுக்கு எவ்வளவு மரியாதை, பாருங்க" என்றாள். அவளுக்கு அதில் சந்தோசம். எல்லாம் சரியாகிவிட்டது என்று அதிலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "ஆமாம்மா" என்றேன். "மரியாதைதான்."